எஞ்சிய ஆயுள்: இல்லை

வங்கிக்குக் கொடுக்கும் சொத்து மதிப்பீட்டு அறிக்கையில் ‘கட்டடத்தின் வயது’ என்ற கட்டத்துக்கு அடுத்து ‘எஞ்சிய ஆயுள்’ என்று ஒரு கட்டம் உண்டு. தூத்துக்குடி கடற்கரைச் சாலையிலும் கிரேட் காட்டன் ரோட்டிலும் அவற்றுக்கு இடையில் ஓடும் சந்துகளிலும் நிற்கிற நூறு வயதுச் சரக்குக் கிட்டங்கிகளுக்கும் வீடுகளுக்கும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிய அறிக்கைகளைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிவிட்டால் வங்கி கட்டடத்துக்குப் பணம் தராது, மண்ணுக்கு மட்டும் தரும். கூரையை மாற்ற, சுவரைப் பூசக் கடன் கேட்டு வந்தவர் கதவைப் பூட்டிவிட்டுப் போவார். அல்லது ஜேசிபியைக் கூப்பிடுவார். பழைய ஊர் இப்படித்தான் ஒவ்வொரு கதவாகப் போய்க்கொண்டிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் சொத்து மதிப்பீடு செய்கிறவள் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதுதான்: பழைய பகுதி பிழைக்குமா என்பதை மாநகராட்சியின் திட்ட வரைபடத்தைவிட அந்தச் சின்னக் கட்டம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அதை எப்படி நிரப்புவது என்று கற்றுக்கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை.

நான் திருநெல்வேலியில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு எண்பதுகளின் கடைசியில் தொழிலுக்கு வந்தேன். அன்று மதிப்பீடு என்பது ‘எஸ்டிமேஷன்’ பாடப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். தேய்மானத்துக்கு ஒரு சூத்திரம், வாடகையை மூலதனமாக்க ஒரு சூத்திரம், பயிற்சிக்குச் சில கணக்குகள். தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வி வரும், வராமலும் போகும். ஆனால் சட்டம் எங்கள் கையெழுத்தைக் கேட்டது. 1957-ம் வருஷத்துச் செல்வ வரிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மதிப்பீட்டாளருக்கு வருமான வரி அலுவலகத்திலும் வங்கியிலும் மரியாதை இருந்தது. 1968-ல் தொடங்கிய மதிப்பீட்டாளர் நிறுவனம் தேர்வுகள் நடத்திச் சான்றிதழ் கொடுத்தது. ஒரு தெருவின் விலை ஏன் ஏறுகிறது, பக்கத்துத் தெருவின் விலை ஏன் செத்துக் கிடக்கிறது என்று உட்கார வைத்துச் சொல்லித் தருகிற வகுப்பறை மட்டும் எனக்கு வாய்க்கவில்லை.

எனக்குக் கிடைத்த வகுப்பறை ஓர் அண்ணாச்சி. ஊரில் மூத்த மதிப்பீட்டாளர். பத்திரத்தைப் படிப்பதற்கு முன்பு இடத்தைப் பார் என்பார். அதுவும் வெயில் இறங்கிய பிறகு போகச் சொல்வார். கடை எது திறந்திருக்கிறது, தெருவிளக்கு எரிகிறதா, வீட்டுக்கு யார் திரும்பி வருகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை பூத்திருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். “உப்பு எம்புட்டு ஒசரம் ஏறியிருக்குன்னு பாரு தாயி. முழங்காலுக்குக் கீழன்னா பொழைச்சுக்கிடும். இடுப்புக்கு மேல போயிட்டுன்னா செலவு இருக்கு.” டீக்கடைக்காரரிடம் மழைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்காமல் அவர் அறிக்கை எழுதியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தூத்துக்குடியின் பாதித் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது அந்த டீக்கடைக் கேள்வியின் விலை எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்க இல்லை.

இந்த ஊரின் மண் விலை கடலைப் பார்த்து எழுதப்பட்டது. இங்கே கரையோரம் ஆழம் கிடையாது. பழைய துறைமுகக் காலத்தில் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் போய்வரும். காற்றுக்கும் கப்பலுக்கும் காத்திருக்கிற சரக்கை வைக்கக் கரையிலேயே இடம் வேண்டியிருந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காட்டுப் பருத்தி 1870-களில் வந்த ரயிலேறி இங்கே குவிந்தது. ராலி, வோல்கார்ட், ஹார்வி போன்ற கம்பெனிகள் பருத்தி அழுத்தும் ஆலைகளும் கிட்டங்கிகளும் வைத்தன. கிரேட் காட்டன் ரோட்டின் பெயரே பருத்தியிலிருந்து வந்ததுதான். 1866-ல் நகராட்சியான ஊரில், கடலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஒவ்வொரு சென்ட்டுக்கும் விலை இருந்ததற்குக் காரணம் இந்தக் காத்திருப்பு. 

1974 ஜூலை 11-ல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேராகத் தளத்தில் வந்து ஒட்டியது. பிறகு கன்டெய்னர் வந்தது. சரக்கு பெட்டிக்குள்ளேயே காத்திருந்தது. பெட்டி நிற்க ஏக்கர் கணக்கில் திறந்த வெளியும் லாரி திரும்ப அகலமான ரோடும் வேண்டும். மதுரை பைபாஸ் பக்கமும் துறைமுகச் சாலைப் பக்கமும் உப்பளத்தை ஒட்டிய தரிசுகள் விலை ஏறின. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சாமான் ஏற்றும் தோணிகள் மிஞ்சின. அவற்றை நம்பி ஒரு சில கிட்டங்கிகள் உயிரோடு இருக்க, மற்றவற்றில் பழைய சாக்கும் உடைந்த நாற்காலியும் குடியேறின.

இதோடு வாடகைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறைக்கு முன்பு உட்கார்ந்த வாடகைதாரர், ஒரு மூட்டை சிமென்ட் விலைகூட வராத மாத வாடகையில் மகன் காலம் வரைக்கும் இருந்த இடங்களை நான் அளந்திருக்கிறேன். வாடகைதாரர் மேல் குற்றம் இல்லை. அவருக்கும் அது பிழைப்பு. சொந்தக்காரர் ஓடு மாற்றமாட்டார். ஓடு உடைந்தால் மழை இறங்கும், தேக்கு உத்திரத்தின் சுவருக்குள் இருக்கிற முனை உளுக்கும். கட்டடம் கூரையிலிருந்து கீழ்நோக்கிச் சாகும். புதிய வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம், பதிவு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாடகை என்று ஆனபோது பல இடங்களில் உத்திரம் ஏற்கெனவே கீழே கிடந்தது.

இப்போது அந்த ‘எஞ்சிய ஆயுள்’ கட்டத்துக்கு வருகிறேன். நேர்கோட்டுத் தேய்மானம் என்று ஒரு முறை. கட்டடத்துக்கு 60 வருஷ ஆயுள் என்று வை. இறுதியில் உடைத்த சாமானுக்குப் பத்து சதவீதம் மிச்சம் என்று வை. மீதியை வருஷத்துக்கு வகுத்துக் கழித்துக்கொண்டே வா. 30 வயதுக் கட்டடம் என்றால் 45 சதவீதம் போயிற்று. 110 வயது என்றால் 90 சதவீதமும் போய்விட்டது. கையில் அட்டவணை இருந்தால் போதும், இடத்துக்குப் போகவே வேண்டாம். ஒரு வங்கி மேலாளரிடம் நான் நேரில் பேசியபோது அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: “மேடம், நீங்க சொல்றது புரியுது. ஃபார்மட்ல எனக்கு வேற கட்டம் இல்லை.”

கடற்கரையில் அந்த அட்டவணை தலைகீழ். எண்பதுகளில் எழும்பிய எத்தனையோ கான்கிரீட் கட்டடங்கள் முப்பது வருஷத்துக்குள் தளம் பெயர்ந்து கம்பி வெளியே தெரிய நிற்கின்றன. உப்புக்காற்றும் கிணற்று உவர் நீரும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து வீங்கி மேல் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். அதே தெருவில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய இரண்டடி கனச் சுவர் நிற்கிறது. அதில் துருப்பிடிக்க இரும்பே இல்லை. உப்பு ஏறினால் பூச்சு உதிரும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பிலேயே மறுபடி பூசினால் சுவர் மூச்சு விடும். அதன் மேல் சிமென்ட் பூசுகிறவர்கள்தான் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துச் சுவரைக் கெடுக்கிறார்கள்.

சில சுவர்களில் கல்லே பவளப்பாறை. மன்னார் வளைகுடாவில் வெட்டி எடுத்தது. அந்த வெட்டால் தீவுகளுக்கு என்ன நேர்ந்தது என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்; ஊருக்கு எதிரே இருக்கிற வான் தீவு சுருங்கிப் போயிற்று. 1986-ல் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இனி அந்தக் கல்லை யாரும் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. கடலைக் காயப்படுத்தி எடுத்த கல் சுவராக நிற்கும்போது அதை இடித்துச் செங்கல் ஜல்லியோடு குப்பையில் கொட்டுவது எனக்குத் தாங்காது. ‘இதே கட்டடத்தை இன்று கட்ட என்ன செலவாகும்’ என்பது எங்கள் முறையின் முதல் கேள்வி. இந்தச் சுவருக்கு அந்தக் கேள்விக்கே பதில் இல்லை.

என்னிடம் வேலை பார்த்த பெண் ஒருத்தி, திரேஸ்புரத்துக்காரி, குஜராத் வல்லப் வித்யாநகரில் இருக்கும் சர்தார் படேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாள். இந்தியாவில் சொத்து மதிப்பீட்டுக்கு என்றே முதுநிலைப் பட்டம் வைத்த பல்கலைக்கழகம் அது. போகும்போது அவள் வீட்டில் “மதிப்பு போடுறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு அம்புட்டு தூரமா?” என்று கேட்டார்கள். திரும்பி வந்த முதல் வாரத்தில் என் பழைய அறிக்கை ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, “அக்கா, இதுக்குச் சிறந்த பயன்பாடு என்னன்னு யாராவது கேட்டாங்களா?” என்றாள். அவள் படிப்பின் நடுவில் இருந்தது அந்தக் கேள்விதான். சட்டம் அனுமதிக்கிற, கட்டடம் தாங்குகிற, பணம் திரும்புகிற பயன்பாடுகளில் எது அதிக மதிப்பைத் தரும்? இடிப்பதும் அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான்.

அதன்பின் நாங்கள் இருவரும் எங்களோடு தெருவுக்கு வரும் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. எண்கள் வகுப்புக்காக வைத்தவை. சந்துக்குள் 10 சென்ட்டில் 4,000 சதுர அடிக் கிட்டங்கி. சென்ட் 4 லட்சம், ஆக மண் 40 லட்சம். புதிதாகக் கட்டினால் 60 லட்சம் ஆகிற கட்டடத்துக்குத் தேய்மானம் போக 6 லட்சம். மொத்தம் 46 லட்சம். அட்டவணை இங்கே நின்றுவிடும். இடித்தால் 40 லட்சம் மண்ணும் இடிப்புச் செலவும் மிஞ்சும். மூன்றாவது வழி: 25 லட்சம் போட்டு ஓடு, உத்திரம், பூச்சு, கழிவறை, மின்சாரம் எல்லாம் சரிசெய்து மாதம் 75,000 ரூபாய்க்கு விடுவது. வருஷத்துக்கு 9 லட்சம். வரி, பராமரிப்பு, காலியாக இருக்கும் மாதங்களுக்கு இருபது சதவீதம் கழித்தால் 7 லட்சத்து 20 ஆயிரம். ஒன்பது சதவீதத்தில் மூலதனமாக்கினால் 80 லட்சம். செலவு 25 லட்சத்தைக் கழித்தால் 55 லட்சம். வாடகை 75,000 வருமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் அட்டவணையில் கிடையாது, சந்தையில் இருக்கிறது. மாணவன் இறங்கி விசாரிக்க வேண்டும். வந்தால் அந்தக் கிட்டங்கி நிற்கும். வராவிட்டால் இடிக்கலாம் என்று மனசாட்சியோடு எழுதலாம். விசாரிக்காமல் எழுதுகிற ‘இல்லை’யைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தக் கரைக்கு மதிப்பீடு புதிய கலை இல்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வேன். முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரசாங்கம் எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவிக்காது. முதலில் கடலடியில் சிப்பி விளையும் பார்களில் மூழ்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றை அழுக வைத்து, கழுவி, கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் அளவு வாரியாகப் பிரித்து, நிறமும் உருட்சியும் பார்த்து, எடை போட்டு, அனுபவப்பட்ட வியாபாரிகளைக் கொண்டு மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் சலாபத்துக்கு நாள் குறிப்பார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கு திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. சிப்பியை உடைக்காமல், கழுவாமல், சல்லடையில் போடாமல் ‘இதில் முத்து இல்லை’ என்று இந்தக் கரையில் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கட்டடத்துக்கும் அந்த மரியாதையைத்தான் கேட்கிறேன்.

நிலமும் கட்டடமும் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டிய விஷயம்தான் என்று உலகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. இங்கிலாந்தில் அதற்கென்று 1919-லேயே ஒரு கல்லூரி இருந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1983-ல் மனைத் தொழிலுக்கு ஒரு மையம் ஏற்படுத்தியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்துறையே இருக்கிறது. அந்த நாடு 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தபோது, ஒரு பழைய கடைவீட்டைச் சரிசெய்தால் என்ன வாடகை வரும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். சிராங்கூன் ரோட்டில் நம் ஆட்கள் கடை வைத்திருக்கிற அந்த வீடுகள் இன்று நிற்பதற்குச் சட்டம் பாதிக் காரணம், கணக்கு மீதிப் பாதி.

நமக்கு அதைவிடப் பக்கத்தில் கொழும்பு இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் சொத்து மேலாண்மைக்கும் மதிப்பீட்டுக்கும் ஒரு துறை இருக்கிறது. இளநிலைப் பட்டமே கொடுக்கிறார்கள். கொழும்புக் கோட்டையில் டச்சுக்காரர் காலத்து மருத்துவமனையை 2011-ல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்துவிட்டார்கள். நான் அங்கே போனபோது கனத்த சுவர்களையும் நீண்ட தாழ்வாரத்தையும் முற்றத்தையும் பார்த்துவிட்டு, இதே அமைப்பில் எங்கள் ஊரில் எத்தனை கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன். 1658-லிருந்து 1825 வரை தூத்துக்குடியும் பெரும்பாலும் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. 1750-ல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. கட்டியவர்கள் ஒரே ஆட்கள், உப்புக்காற்றும் ஒன்றேதான்.

இந்தியாவில் இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 247-ம் பிரிவும் 2017-ம் வருஷத்து விதிகளும் வந்தபின், நிலம்-கட்டட மதிப்பீட்டாளராகப் பதிய வேண்டுமானால் படிப்பும் அனுபவமும் போக 50 மணி நேர வகுப்பும் திவால் வாரியத்தின் தேர்வும் வேண்டும். தேர்வு நல்ல தேர்வு. சட்டம், பொருளாதாரம், தொழில் ஒழுக்கம் எல்லாம் கேட்கிறார்கள். ஆனால் ஐம்பது மணி நேரத்தில் ஓர் ஊரைப் படிக்க முடியாது. பதிவான விலையை வைத்து ஒப்பிடக் கற்கலாம். பக்கத்துச் சந்தில் பத்து வருஷமாக ஒரு கிரயமும் நடக்காதபோது எதை வைத்து ஒப்பிடுவது என்று அந்த நேரத்தில் பழக முடியாது. பழைய ஊரின் நோயே கிரயம் நடக்காததுதான்.

கிரயம் ஏன் நடப்பதில்லை? இங்கேதான் பொறியியல் நின்று பத்திரம் ஆரம்பிக்கிறது. கடற்கரைச் சாலைப் பக்கத்து வீடுகளில் பெரும்பகுதி பரதவக் கிறிஸ்தவக் குடும்பங்களுடையவை. உயில் இல்லாமல் தகப்பனார் இறந்தால் 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமம். நியாயமான சட்டம். ஆனால் மூன்று தலைமுறை பாகம் பிரிக்காமல் விட்டால் ஒரு வீட்டுக்கு முப்பது பேர் கையெழுத்து வேண்டும். ஒருவர் கொழும்பில், ஒருவர் சென்னையில், இருவர் கனடாவில். டவுன் சர்வே பதிவேட்டில் இன்னமும் கொள்ளுத்தாத்தா பெயர். வில்லங்கச் சான்று கணினியில் ஒரு குறிப்பிட்ட வருஷம் வரைக்கும்தான் பின்னால் போகும். அதற்கு முந்தியதற்குப் பதிவு அலுவலகத்தில் கையால் தேட மனுப் போட வேண்டும். மூலப்பத்திரம் யார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்பதே பல குடும்பங்களில் ஒரு வழக்கு. இதோடு இடத்தின் மேல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கு நிலத்துப் பக்கமா கடலுக்குப் பக்கமா என்று பார்த்துத்தான் கட்ட விடுவார்கள். புதிதாக எழுப்பினால் பக்கவாட்டில் இடம் விடு, வண்டி நிறுத்த இடம் காட்டு என்று கட்டட விதி கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய ஐந்து சென்ட் வீட்டை இடித்தால் திரும்பக் கட்டக் கிடைப்பது பாதிதான். இதைச் சொந்தக்காரரிடம் எடுத்துச் சொன்னால் பலர் ஜேசிபிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவ்வளவே.

2017 ஜூனில் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பழைய பஸ் ஸ்டாண்ட் புதிதாயிற்று, சாலைகளும் பூங்காக்களும் வந்தன. நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் அரசாங்கப் பணம் தெருவோடு நின்றுவிடும். வாசல்படி தாண்டி உள்ளே போகாது. வீட்டுக்குள் போகிற பணம் வங்கிக் கடனாகவோ சொந்தக்காரரின் சேமிப்பாகவோதான் போக முடியும். அந்தப் பணத்தை அழைத்து வருகிற தாள் எங்கள் அறிக்கை. ஊரைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சில் இந்த இணைப்பை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

எங்கள் பக்கத்துப் பொறியியல் மாணவர்களை விடுமுறை நாள்களில் தெருவுக்கு அழைத்துப் போகிறோம். குழுவுக்கு ஒரு வீடு. டேப்பும் லேசர் மீட்டரும் கொடுத்து அளக்கச் சொல்வோம். முதலில் எல்லோரும் வாசலின் போட்டோ எடுப்பார்கள். அதை நிறுத்திவிட்டுக் கூரைக்கு ஏறச் சொல்வேன். ஓட்டுக்குக் கீழே ரீப்பர், ரீப்பருக்குக் கீழே உத்திரம், உத்திரம் சுவரில் நுழைகிற இடம். அங்கே கத்தி முனையால் குத்தினால் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எழுத வேண்டும். பிறகு வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து குடும்ப மரம் வரைய வேண்டும். ஒரு பையன், “மேடம், இது சோஷியாலஜி மாதிரி இருக்கே” என்றான். ஆமாம், பாகப் பிரிவினையும் கட்டுமானத்தில் ஒரு பகுதிதான், அது விரிசல் விட்டால் சுவர் நிற்காது என்று சொன்னேன். அவர்கள் வரைந்த வரைபடத்தையும் மர நிலை அறிக்கையையும் என் அறிக்கையோடு இணைத்து வங்கிக்கு அனுப்பியபோது சில கடன்கள் கிடைத்தன, சில கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றில் இப்போது கருவாட்டு வியாபாரம் செய்யும் பெண்கள் குழு ஒன்று சரக்கு வைத்து, சிப்பமிட்டு அனுப்புகிறது. கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ கிட்டத்தட்ட அந்த வேலையே.

இதில் ஒரு பயமும் எனக்கு உண்டு. மதிப்பு ஏறினால் முதலில் வெளியேறுவது யார்? பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000-ல் நீங்கியது. தலைமுறையாக இருந்த வாடகைக் குடும்பங்கள் பல வெளியேறின. 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் வீடுகள் பிழைத்தன, ஆனால் பல வீடுகளில் குடித்தனக்காரர்களுக்குப் பதில் சுற்றுலாப் பயணிகள் தங்கினார்கள். எங்கள் ஊரில் திரேஸ்புரம், இனிகோ நகர் போன்ற மீனவர் குடியிருப்புகள் பழைய ஊரை ஒட்டியே இருக்கின்றன. வலை காயப்போடும் மணல், படகு ஏற்றி வைக்கும் மேடு ஆகியவை பல இடங்களில் புறம்போக்கு என்றே பதிவில் இருக்கும். யார் பேரிலும் பட்டா இல்லாததால் அறிக்கையில் அதற்கு மதிப்பே வராது. ஆனால் அந்த மணல் இல்லாவிட்டால் படகு நிற்க இடமில்லை, படகு இல்லாவிட்டால் வீதியில் வியாபாரம் இல்லை. பழைய கிட்டங்கிக்கு வருமான முறையில் மதிப்புப் போடுகிற மாணவன், பட்டா இல்லாத அந்த மணலுக்கும் அதே முறையில் ஒரு தொகை எழுதிக் காட்ட வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்துவேன். ஓர் ஆண்டில் எத்தனை படகு, எத்தனை நாள், எவ்வளவு மீன் அந்த இடத்தில் இறங்குகிறது? அந்தத் தொகையை எழுதிப் பார்த்தவன் பிற்பாடு நகரமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்தால் அந்த இடத்தைக் காலி மனை என்று வண்ணம் அடிக்கமாட்டான்.

ஆகவே நான் கேட்பது தனிப் பல்கலைக்கழகம் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 முதல் திருநெல்வேலியில் இருக்கிறது. தூத்துக்குடியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1951-ல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரியில் வணிகவியலும் பொருளாதாரமும் நடக்கின்றன. கடலைப் படிக்க மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் நிலம்-கட்டடம் பற்றி ஒரு வருஷப் பட்டயப் படிப்புக்கு வேண்டியதெல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கும். பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் தெரு. பாடங்களில் மதிப்பீட்டு முறைகளும் வாரிசுரிமைச் சட்டமும் பத்திரம் படிப்பதும் சுண்ணாம்பு வேலையும் கடலோர விதிகளும் வங்கிக் கடன் கணக்கும் இருக்க வேண்டும். கொத்தனார் ஒருவரும் பத்திர எழுத்தர் ஒருவரும் வகுப்பெடுக்க வேண்டும். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப்போடுவது என்பதைப் பேராசிரியரைவிடக் கொத்தனார்தான் நன்றாகச் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் ஒரு தெருவை முழுவதும் அளந்து, ஒவ்வொரு கதவுக்கும் உரிமை நிலை, மர நிலை, வரக்கூடிய வாடகை என்று ஒரு பதிவேடு செய்து மாநகராட்சியிடமும் வங்கிகளிடமும் கொடுக்க வேண்டும். கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். வகுப்பை மாலை ஆறு மணிக்கு வைக்க வேண்டும். பகலில் பதிவு அலுவலகத்திலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் வர முடிகிற நேரம் அதுதான்.